வெலிங்டன்ல சாம் மானெக்‌ஷா மேல நடந்த விசாரணை: ஒரு ஜெனரலோட கரியர் தப்பிச்ச கதை

சாம் மானெக்‌ஷான்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது 1971 போர், அந்த முறுக்கு மீசை, அப்புறம் வாட்ஸ்அப்ல சுத்துற பத்து பதினஞ்சு ஜோக். இந்திரா காந்தி முகத்துக்கு நேரா இப்ப முடியாதுன்னு சொன்னவரு, பதிமூணு நாள்ல டாக்காவ விழ வெச்சவரு, இந்தியாவோட முதல் ஃபீல்டு மார்ஷல், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி இதே மனுஷன் நம்ம நீலகிரியில, குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல ஒரு ராணுவக் கல்லூரிக்குத் தலைவரா இருந்தப்ப தேசவிரோதின்னு முத்திரை குத்தப்பட்டு, கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது ராணுவ விசாரணைக் குழு முன்னாடி நின்னு, யூனிஃபார்மையே கழட்டிட்டுப் போற நிலைமை வரைக்கும் வந்தாருங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

என்னைக் கேட்டா அவரைப் புரிஞ்சுக்க 1971-ஐ விட இந்த 1959 - 1962 காலம்தான் முக்கியம். பார்டர்ல டிவிஷனோட நிக்கிற ஜெனரல் மேல இந்தப் புகார் வரல, குளுகுளுன்னு மலை மேல பாடம் நடத்துற இடத்துல உட்கார்ந்திருந்த ஜெனரல் மேலதான் வந்துச்சு. ஏன் அங்க வெச்சு வந்துச்சுங்கிறதுதான் சுவாரசியமான விஷயம்.

முதல்ல அந்தக் காலேஜ் என்னன்னு பாத்துருவோம். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் குன்னூர் பக்கத்துல நஞ்சப்பசத்திரத்துல விழுந்துச்சே, அன்னிக்கு அவரு சூலூர்ல இருந்து கிளம்பி வந்துட்டு இருந்தது இந்தக் காலேஜ்ல லெக்சர் குடுக்கத்தான். டிஃபென்ஸ் சர்வீசஸ் ஸ்டாஃப் காலேஜ். அந்த விபத்துல உயிரோட மீட்கப்பட்டு சில நாள் கழிச்சு இறந்துபோன குரூப் கேப்டன் வருண் சிங்கும் அங்கதான் டைரக்டிங் ஸ்டாஃபா இருந்தாரு, அதாவது அங்க பாடம் எடுக்கிறவரு. ஊருக்குப் பழைய பேரு ஜக்கதளா, இப்பவும் பக்கத்துல ஜெகதளான்னு பேரூராட்சி இருக்கு. வெள்ளைக்காரன் 1850-கள்ல பாரக்ஸ் கட்டி டியூக் ஆஃப் வெலிங்டன் பேரை வெச்சான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட சென்டரும் அங்கதான், அதனால நம்ம பக்கத்துல பட்டாளத்துக்குப் போன குடும்பங்களுக்கு வெலிங்டன் புதுசு கிடையாது.

ஸ்டாஃப் காலேஜ் ஆரம்பிச்சது அங்க இல்ல. 1905-ல தியோலாலியில தற்காலிகமா ஆரம்பிச்சு, 1907-ல குவெட்டாவுக்குப் போச்சு, பலுசிஸ்தான்ல. நாற்பது வருஷம் அங்கதான் நடந்துச்சு, 1943-ல சாமும் அங்க போய்தான் படிச்சாரு. 1947-ல நாடு பிரிஞ்சப்ப குவெட்டா பாகிஸ்தானுக்குப் போயிருச்சு, கட்டடம் உட்பட. நம்ம பக்கம் புதுசா ஆரம்பிக்கணும், இடம் தேடினாங்க, வெலிங்டன் கிடைச்சுது. எஸ்.டி.வர்மான்னு ஒரு அதிகாரி அடிப்படை வேலைய பாத்தாரு, அதுக்கப்புறம் 1948-ல இருந்து 1955 வரைக்கும் ஜோ லென்டைன்னு ஒரு பிரிட்டிஷ் ஜெனரல் நடத்துனாரு. பர்மா காட்டுல சிண்டிட் படையோட தலைவர் விங்கேட் 1944-ல விமான விபத்துல செத்தப்ப அந்த இடத்துக்கு வந்தவரு இவருதான். 1950-ல தரைப்படை, கடற்படை, விமானப்படை மூணும் சேர்ந்து படிக்கிற காலேஜா மாறுச்சு.

இங்க கேடட் பசங்க யாரும் வர மாட்டாங்க. துப்பாக்கி புடிக்கக் கத்துக் குடுக்கிற இடம் இது இல்ல. கிட்டத்தட்ட பத்து வருஷம் சர்வீஸ் போட்ட மேஜர் லெவல் ஆளுங்க, கடுமையான பரீட்சை எழுதி, அதுல தேறுனவங்க மட்டும் குடும்பத்தோட வந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா தங்கிப் படிப்பாங்க. வகுப்பைச் சின்னச் சின்ன சிண்டிகேட்டா பிரிச்சிருவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைரக்டிங் ஸ்டாஃப், சுருக்கமா டிஎஸ். மேஜை மேல மேப் விரிச்சு ஒரு நிலைமை குடுப்பாங்க, எதிரி இந்த ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான், உன்கிட்ட இத்தனை பட்டாலியன், இத்தனை லாரி, பாலம் ஒண்ணுதான், மழை வரப்போகுது, இப்ப என்ன பண்ணுவே? ஒருத்தன் பிரிகேட் கமாண்டரா நடிப்பான், இன்னொருத்தன் சப்ளை பாக்கறவன், இன்னொருத்தன் உளவு பாக்கறவன். ராத்திரி உட்கார்ந்து ஆராய்ஞ்சு எழுதணும், காலைல எல்லார் முன்னாடியும் அதைத் தாங்கிப் பேசணும், மத்தவங்க ஓட்டை போடுவாங்க, டிஎஸ் கடைசியா அவரு பங்குக்கு ஓட்டை போடுவாரு. பெட்ரோல் கணக்குல கோட்டை விட்டவன் எவ்வளவு வீரமா திட்டம் போட்டிருந்தாலும் அங்க அசிங்கப்படுவான். இந்த இடத்தோட உயிரே இந்த வாக்குவாதம்தான். மேல இருக்கிறவர் சொன்னதுக்கு ஆமாஞ்சாமி போடாம, ஏன் எப்படின்னு கேக்கிற பழக்கம் வரணும், ஏன்னா நாளைக்கு இவங்கதான் ஒரு ஜெனரல் பக்கத்துல நின்னு, சார் இது நடக்காதுன்னு சொல்ல வேண்டியவங்க.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 1959-ல மேஜர் ஜெனரல் மானெக்‌ஷா கமாண்டன்ட்டா, அதாவது காலேஜ் தலைவரா வந்தாரு.

அதுவரைக்கும் அவரு கரியர் ஏறுமுகம்தான். 1914 ஏப்ரல் 3, அமிர்தசரஸ்ல ஒரு பார்சி டாக்டர் வீட்டுல பொறந்தவரு. 1932 அக்டோபர்ல டேராடூன் இந்தியன் மிலிட்டரி அகாடமி தொடங்கினப்ப முதல் பேட்ச், மொத்தமே 40 பேர், அந்த நாற்பதுல சாம் இந்தியத் தளபதி, ஸ்மித் டன் பர்மா தளபதி, முகமது மூசா பாகிஸ்தான் தளபதி, ஒரே வகுப்புல இருந்து மூணு நாட்டுக்குத் தளபதிங்க. முதல்ல லாகூர்ல ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனோட கொஞ்ச நாள், அப்புறம் ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்.

1942 பிப்ரவரி, பர்மாவுல சிட்டாங் ஆத்துப் பாலம். ஜப்பான்காரன் வேகமா வர்றான், பாலத்தைக் காப்பாத்தணும், பக்கத்துல பகோடா குன்றுன்னு ஒரு மேடு, அதைப் புடிக்க சாமோட கம்பெனி ஏறுச்சு. இயந்திரத் துப்பாக்கி குண்டு வயித்துல வரிசையா இறங்கிருச்சு. டிவிஷன்ல இருந்த கோவன்ங்கிற மேலதிகாரி, ஆள் பொழைக்க மாட்டான்னு நெனச்சு, செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ்ங்கிற வீரப் பதக்கம் குடுக்க முடியாதுன்னு தன் நெஞ்சுல இருந்த ரிப்பனைக் கழட்டி சாமுக்குக் குத்திட்டாரு. ஷேர் சிங்ங்கிற சிப்பாய் அவரைத் தூக்கிட்டுப் போய் ஆஸ்திரேலிய சர்ஜன் ஒருத்தர் முன்னாடி போட்டாரு. இது தேறாத கேஸுன்னு டாக்டர் யோசிச்சுட்டு, என்னப்பா ஆச்சுன்னு கேட்டதுக்கு, கோவேறு கழுதை உதைச்சிருச்சுன்னு சாம் சொன்னாராம். இப்படிப் பேசுறவனைக் காப்பாத்தலாம்னு அப்புறம்தான் கத்தியை எடுத்தாராம். ஒண்ணு சொல்லிடறேன், சாம் கதைகள்ல பாதிக்கு மேல சாமே சொன்னது, அவரு பிரமாதமான கதைசொல்லி, அதனால வசனங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடதான் எடுத்துக்கணும். குண்டு பட்டதும் மெடலும் ஆவணத்துல இருக்கிற விஷயம், அதுல சந்தேகம் இல்ல.

சுதந்திரத்துக்கு அப்புறம் டெல்லியில மிலிட்டரி ஆபரேஷன்ஸ்ல இருந்தாரு, 1947 அக்டோபர்ல காஷ்மீர் சேர்க்கை விஷயமா அரசு அதிகாரி வி.பி.மேனன் ஸ்ரீநகர் பறந்தப்ப கூடவே போனாரு. அப்புறம் மோவ் இன்ஃபன்ட்ரி ஸ்கூல், லண்டன்ல படிப்பு, ஜம்முவுல 26-ஆவது டிவிஷன். இந்த டிவிஷன்ல இருந்தப்பதான் பகை ஆரம்பிச்சுது.

அப்ப பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன், ராணுவத் தளபதி திம்மையா. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. மேனன் ஜம்முவுக்கு வந்தப்ப, உன் தளபதியைப் பத்தி நீ என்ன நெனைக்கிறேன்னு சாம்கிட்ட கேட்டாராம். அவரு என் தளபதி, அவரைப் பத்தி நெனைக்கிற உரிமை எனக்குக் கிடையாது, இன்னிக்கு நீங்க என்கிட்ட கேப்பீங்க, நாளைக்கு என்னைப் பத்தி என் பிரிகேடியர்கிட்டயும் கர்னல்கிட்டயும் கேப்பீங்க, ராணுவத்தோட ஒழுங்கு குட்டிச்சுவரா போயிரும்னு சாம் சொன்னாராம். இந்த வெள்ளைக்காரப் புத்தியை விடுன்னு மேனன் கடுப்பாகிட்டாராம். சாமோட வாழ்க்கையை எழுதுன பழைய ராணுவ அதிகாரிங்க எல்லாரும் இந்தச் சம்பவத்தைச் சொல்றாங்க. வார்த்தை முன்னப்பின்ன இருக்கலாம், ஆனா அமைச்சர் மனசுல பேர் குறிச்சாச்சுங்கிறது பின்னாடி நடந்ததைப் பாத்தாலே தெரியும்.

1959 ஆகஸ்ட் கடைசியில திம்மையா ராஜினாமா குடுத்தாரு, நேரு பேசி வாபஸ் வாங்க வெச்சாரு, அப்புறம் பார்லிமென்ட்ல அவரையே குறை சொன்னாரு. அந்த நேரத்துல மேல ஏறிட்டு இருந்தவரு பி.எம்.கவுல். நேருவுக்கு நெருக்கம், மேனனுக்கும் வேண்டியவரு, சுறுசுறுப்பான நிர்வாகி, அதை மறுக்க முடியாது, ஆனா சண்டையில படை நடத்துன அனுபவம் கிட்டத்தட்ட கிடையாது. திம்மையா வேண்டாம்னு சொல்லியும் புரமோஷன் கிடைச்சுது. 1961-ல திம்மையா ரிட்டையர் ஆனாரு, பி.என்.தாப்பர் தளபதி ஆனாரு, கவுல் சீஃப் ஆஃப் ஜெனரல் ஸ்டாஃப் ஆகிட்டாரு. நிஜமான அதிகாரம் யாருகிட்ட இருக்குன்னு ராணுவத்துல எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலான சீனியர்கள் வாயைப் பொத்திக்கிட்டாங்க.

சாமுக்கு வாயைப் பொத்தத் தெரியாது. அதுவும் இருந்த இடம் ஸ்டாஃப் காலேஜ், வேலையே பேசுறதுதான். கமாண்டன்ட் வகுப்புல பேசுவாரு, மெஸ்ல பேசுவாரு, அரசியல்வாதிங்க ராணுவத்துக்குள்ள மூக்கை நுழைக்கிறதைப் பத்தி கிண்டல் அடிப்பாரு. ஒரு டிவிஷன்ல பேசுனா அந்த டிவிஷனோட போகும். இங்க அப்படி இல்ல, கேக்கிறவங்க எல்லா ரெஜிமென்ட்ல இருந்தும் பொறுக்கி எடுத்த ஆளுங்க, அடுத்த இருபது வருஷம் ராணுவத்தை ஓட்டப்போறவங்க, பத்து மாசத்துல நாடு முழுக்கப் பரவிருவாங்க. டெல்லியில உட்கார்ந்து பாக்கறவங்களுக்கு இது தலைவலிதான். அதனால காலேஜுக்குள்ளயே காது வெச்சாங்க. யாரு என்ன பேசுனாங்கன்னு போட்டுக் குடுக்க ஆள் இருந்துச்சு, அதுல அங்க வேலை பாத்தவங்களும் உண்டு. மத்தவன் சொல்றதை மறுத்துப் பேசுன்னு சொல்லிக் குடுக்கிற இடத்துல தலைவர் மறுத்துப் பேசுனதைக் குறிப்பெடுத்து அனுப்பிட்டு இருந்திருக்காங்க.

அப்புறம் கோர்ட் ஆஃப் என்கொயரி வந்துச்சு. குற்றச்சாட்டோட சாரம், இந்த ஆளுக்கு நாட்டு விசுவாசம் பத்தல, இங்கிலாந்து மேலதான் பற்று. அதுக்கு ஆதாரமா சொன்னதுல ஒண்ணு காலேஜ்ல மாட்டியிருந்த பழைய பிரிட்டிஷ் காலத்துப் பெரிய மனுஷங்க படங்கள். சிரிப்பு வரும், ஆனா அந்தக் காலத்து மனநிலையில அது அவ்வளவு சிரிப்பான விஷயம் இல்ல. சுதந்திரம் கிடைச்சு பதினஞ்சு வருஷம்கூட ஆகல, ராணுவ மேலதிகாரிங்க பூரா வெள்ளைக்காரன் தயாரிப்பு, பேச்சு, சாப்பாடு, மீசை எல்லாமே அந்த ஸ்டைல். பக்கத்துலயே பாகிஸ்தான்ல 1958-ல ராணுவத் தளபதி அயூப் கான் ஆட்சியப் புடிச்சிட்டாரு, அவரும் இவங்க எல்லாருக்கும் பழைய சகா. இங்கயும் ஒருத்தன் கிளம்பிட்டா என்ன பண்றதுன்னு அரசியல்வாதிங்க பயந்ததுல ஒரு நியாயம் இருக்கு. ராணுவம் அரசாங்கத்துக்குக் கட்டுப்படணும்ங்கிறதுல எனக்கும் மாற்றுக் கருத்து இல்ல, சாம் அடிச்ச கமென்ட்டு எல்லாமே ஒரு கமாண்டன்ட் பேசக்கூடியதான்னு கேட்டா யோசிச்சுத்தான் பதில் சொல்லணும். ஆனா தேசத்துரோகம்னு சொல்ல அதுல ஒண்ணும் கிடையாது. நியாயமான பயத்தைத் தூக்கித் தனக்குப் புடிக்காதவனை ஓரங்கட்டப் பயன்படுத்துனதுதான் அங்க நடந்துச்சு.

சாமோட அதிர்ஷ்டம், விசாரணைக்குத் தலைமை தாங்குனவரு லெப்டினன்ட் ஜெனரல் தௌலத் சிங், வெஸ்டர்ன் கமாண்ட் தலைவர். மேலிடத்துக்கு என்ன வேணும்னு பாத்துத் தீர்ப்பு எழுதுற ரகம் இல்ல அவரு. சாட்சியைக் கேட்டாரு, ஒண்ணும் தேறல, குத்தம் இல்லன்னு சொல்லிட்டாரு. ஆனா விசாரணை நடந்துட்டு இருந்தப்பவே சாமுக்கு ஜூனியரான ஹர்பக்ஷ் சிங்கும் மோதி சாகரும் லெப்டினன்ட் ஜெனரல் ஆகிட்டாங்க. ராணுவத்துல ஒரு தடவை தாண்டிப் போயிட்டா அவ்வளவுதான், குத்தம் இல்லன்னு பேப்பர் வந்தாலும் மரியாதையா ரிட்டையர் ஆகி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவரைக் காப்பாத்துனது தௌலத் சிங் மட்டும் இல்ல, சீனாக்காரனும்தான். 1962 அக்டோபர் 20 போர் ஆரம்பம். வடகிழக்குல புதுசா உருவாக்குன 4-ஆவது கோருக்கு (பல டிவிஷன் சேர்ந்த பெரிய படைப்பிரிவு) தலைவரா அனுப்புனது யாரைன்னா, கவுலைத்தான். நடுவுல உடம்பு சரியில்லாம டெல்லிக்குப் போய் படுத்துக்கிட்டே நடத்துனாரு. நவம்பர்ல இப்ப அருணாச்சலத்துல இருக்கிற சேலா, பொம்டிலா எல்லாம் போச்சு, அஸ்ஸாம்ல தேஜ்பூர் ஊரையே காலி பண்ணாங்க, ஸ்டேட் பேங்க்ல நோட்டைக் கொளுத்துனாங்க. மேனன் பதவி போச்சு, தாப்பர் போனாரு, கவுலும் போனாரு. இப்பதான் வெலிங்டன்ல உட்கார்ந்திருக்கிற ஆள் ஞாபகம் வந்துச்சு. நேரு கூப்பிட்டாரு, 4-ஆவது கோரை எடுத்துக்கோன்னாரு. எனக்கு எதிரா சதி பண்ணாங்க, என் புரமோஷன் ஒன்றரை வருஷமா நிக்குதுன்னு சாம் நேருகிட்டயே சொன்னதாவும், நேரு வருத்தம் தெரிவிச்சதாவும் சொல்றாங்க.

தேஜ்பூர் போய் இறங்குனப்ப சண்டை நின்னிருச்சு, ஆனா ஆளுங்க மனசு உடைஞ்சு கிடந்துச்சு. போன உடனே ஸ்டாஃப் ஆபீசருங்களைக் கூப்பிட்டு, இனிமே எழுத்துல உத்தரவு இல்லாம யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு எப்பவும் வராதுன்னாரு. வசனம் நல்லா இருக்கு, எல்லாரும் இதைத்தான் எடுத்துப் போடுவாங்க. எனக்கு அதை விட முக்கியமா படறது, ஓடி வந்த படைய மறுபடி மேல அனுப்புறதுக்கு ரோடு, ரேஷன், குளிருக்குத் துணி, தங்குற இடம்னு அவரு கவனம் போனது. வெலிங்டன்ல பெட்ரோல் கணக்குல கோட்டை விட்டவனை அசிங்கப்படுத்துனாங்கன்னு சொன்னேன்ல, 1962-ல தோத்ததுல பெரிய பங்கு இந்தக் கணக்குலதான், பருத்தி யூனிஃபார்ம்ல பனி மலைக்கு ஏத்தி விட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது விதி மாதிரி இருக்கு. 1963 நவம்பர்ல பூஞ்ச் பக்கம் ஒரு ஹெலிகாப்டர் விபத்து, அதுல செத்தவங்கள்ல ஒருத்தர் தௌலத் சிங். அவரு காலி பண்ணுன வெஸ்டர்ன் கமாண்ட் இடத்துக்கு டிசம்பர்ல வந்தது சாம். தன்னை விசாரிச்சு விடுதலை பண்ணுனவரோட நாற்காலியில உட்கார வேண்டியதா போச்சு. 1964-ல ஈஸ்டர்ன் கமாண்ட். 1969 ஜூன் 8-ல தளபதி, நம்ம திருச்செங்கோடு பக்கத்து குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்து பி.பி.குமாரமங்கலம்கிட்ட இருந்து பொறுப்பை வாங்குனாரு.

1971 ஏப்ரல்ல கேபினட் கூட்டத்துல கிழக்கு பாகிஸ்தானுக்குள்ள (இப்ப வங்கதேசம்) உடனே போன்னு சொன்னாங்க, சாம் மறுத்தாருங்கிற கதைய விரிவா சொல்லப் போறதில்ல. மழைக்காலம் வருது, ஆறெல்லாம் கடல் மாதிரி ஆகிரும், அறுவடை நேரம் ரயில் கிடைக்காது, டாங்க் ரெடியா இல்ல, குளிர்காலம் வரைக்கும் பொறுத்தா இமயமலைக் கணவாய் மூடிக்கும், சீனா வர முடியாது, இதுதான் அவரோட வாதம். அரசாங்கம் உண்மையிலயே உடனே போர் தொடங்க நெனச்சுதான்னு வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க, சாம் தன் பங்கைக் கொஞ்சம் தூக்கலா சொல்லிட்டாருன்னும் சொல்றாங்க, அதுல நியாயம் இருக்குன்னுதான் எனக்கும் படுது. ஆனா அந்த வாதத்தோட அமைப்பைப் பாருங்க, ஆறு, ரயில், டாங்க், கணவாய். வெலிங்டன் சிண்டிகேட் அறையில மேப்பை விரிச்சு வெச்சு ஒரு மேஜர் சொல்ற அதே வரிசை. டிசம்பர் 3-ல பாகிஸ்தான் குண்டு போட்டுச்சு, 16-ஆம் தேதி டாக்காவுல சரண்டர், கைதிங்க மட்டும் கிட்டத்தட்ட 93,000.

1973 ஜனவரியில ஃபீல்டு மார்ஷல் பட்டம் குடுத்தாங்க, அதே மாசம் 15-ஆம் தேதி ரிட்டையர். எங்க போனாருன்னா, பழைய காலேஜ் பக்கத்துல குன்னூருக்கு. வீட்டுக்கு ஸ்டாவ்கான்னு பேரு, ரஷ்ய ராணுவத் தலைமையகத்தோட பேரு. 1998-ல வெலிங்டன் காலேஜுக்கே வந்து தலைமைப் பண்பும் ஒழுக்கமும் பத்தி மாணவர்கள் முன்னாடி பேசுனாரு. எல்லாத்துக்கும் ஆமாம் போடுறவன் ஆபத்தானவன், அவன் மந்திரி ஆகலாம், செயலாளர் ஆகலாம், ஃபீல்டு மார்ஷல்கூட ஆகலாம், ஆனா தலைவன் ஆக முடியாதுன்னாரு. அவரு மேல புகார் கிளம்புன அதே காலேஜ்ல நின்னுதான் இதைச் சொன்னாரு, பேரு யாரையும் இழுக்கல.

வாய் மட்டும் கடைசி வரைக்கும் அடங்கல. ரிட்டையர் ஆன புதுசுல, 1947-ல நான் பாகிஸ்தான் பக்கம் போயிருந்தா 71-ல அவங்க ஜெயிச்சிருப்பாங்கன்னு விளையாட்டா சொன்னது பேப்பர்ல வந்து பெரிய ரகளை ஆச்சு. டெல்லிக்கு அவரு மேல இருந்த கசப்புக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்வாங்க. 2008 ஜூன் 27-ல வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில 94 வயசுல இறந்தாரு, ஊட்டியில பார்சி கல்லறையில மனைவி சில்லு பக்கத்துல அடக்கம். ஜனாதிபதி, பிரதமர், பாதுகாப்பு அமைச்சர் யாரும் வரல, இணை அமைச்சர் ஒருத்தர் வந்தாரு. சம்பள விஷயமும் அதே லட்சணம்தான், ஃபீல்டு மார்ஷல் ஆயுசு முழுக்க சர்வீஸ்ல இருக்கிறதா கணக்கு, முழுச் சம்பளம் வரணும், ஆனா அவருக்கு வந்தது வெறும் பென்ஷன் அளவுதான். 2007-ல அப்துல் கலாம் ஜனாதிபதியா இருந்தப்ப வெலிங்டன் ஆஸ்பத்திரியில அவரைப் பாக்க வந்தாரு, அதுக்கப்புறம்தான் நிலுவைத் தொகை ஒரு கோடிக்கு மேல செக்கா வந்துச்சு. ரிட்டையர் ஆகி 34 வருஷம் ஆயிருந்துச்சு.